பட்டிப்பொலக் குளிரும் கெரவலப்பிட்டிக் கணக்கும்

பட்டிப்பொல புகையிரத நிலையத்தில் இறங்கும் எவருக்கும் முதலில் காதுமடல்தான் குளிரும். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரத்து இருநூறு அடி உயரம். இலங்கையில் இதற்கு மேல் ஒரு நிலையம் இல்லை. 1885இல் நானுஓயாவை எட்டிய தண்டவாளம் இந்த மேட்டைத் தாண்டி ஹப்புத்தளைக்குப் போய்ச்சேர 1893 ஆயிற்று. இங்கே எனக்கு நெடுநாள் நண்பர் ஒருவர் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் ஆதலால் அண்ணன் என்றே அழைப்பேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, மிச்ச நேரத்தில் கையில் கிடைத்த தாளையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

கடந்த முறை போயிருந்தபோது அவர் ஒரு விளம்பரக் கையேட்டை என் முன்னால் போட்டார். பொறியியல் படிக்கும் பேரன் கொண்டுவந்தது. கூட்டுச் சுழற்சி மின்நிலையங்களுக்கான சுழலிகளைத் தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கையேடு. வினைத்திறன் இத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகளைக் கொடுத்திருந்தார்கள்: வெப்பநிலை 15 பாகை செல்சியஸ், வளியமுக்கம் கடல் மட்டத்தினது, ஈரப்பதன் 60 சதவீதம்.

“தம்பி, பதினைந்து பாகை எங்கள் ஊரில் இருக்கிறது. கடல் மட்டம் கொழும்பில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஊர் இலங்கையில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

நாற்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதியவன் நான். மின்சாரத்துறை அதிகாரிகளின் பத்திரிகையாளர் மாநாடுகளில் தேநீரும் கட்லட்டும் சாப்பிட்டே பாதி ஆயுள் கழிந்தது. இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. ‘புதிய நிலையத்தின் வினைத்திறன் இத்தனை சதவீதம்’ என்று அவர்கள் தந்த கைப்பிரதியை, ஒரு காற்புள்ளியும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். எதற்கு எதிராக அளந்த சதவீதம், எந்த நாளில் அளந்தது, எவர் அளந்தார் என்று கேட்கவில்லை. அந்தப் பாவத்துக்கான பரிகாரமாக இக்கட்டுரையை வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருவோம். கூட்டுச் சுழற்சி என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வித்தைதான். கொடியடுப்பு வைத்துச் சமைத்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிரதான அடுப்பில் சோறு வேகும். அங்கிருந்து தப்பிவரும் அனலில் பக்கத்து அடுப்பில் குழம்பு கொதிக்கும். விறகு ஒன்று, சமையல் இரண்டு. மின்நிலையத்தில் வாயுச் சுழலி எரிபொருளை எரித்து முதல் மின்சாரத்தைத் தரும். அதிலிருந்து ஐந்நூறு, அறுநூறு பாகை சூட்டில் வெளியேறும் புகையைக் கொண்டு தண்ணீரை நீராவியாக்கி, நீராவிச் சுழலியைச் சுழற்றி இரண்டாவது மின்சாரத்தை எடுப்பார்கள். வாயுச் சுழலி தனித்து ஓடினால் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகும் (புதியவை சற்றுக் கூடுதலாகத் தரும்). கூட்டாக ஓடினால் பாதியைத் தொடும், நவீன இயந்திரங்களில் பாதியைத் தாண்டும். அருமையான கண்டுபிடிப்பு. அதில் எனக்கு வழக்கே இல்லை. என் வழக்கு அதை அளக்கும் கோலோடு.

எங்கள் நாட்டில் இத்தகைய நிலையங்கள் கொழும்பைச் சுற்றியே இருக்கின்றன. களனிதிஸ்ஸவில் 165 மெகாவோட் நிலையம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நப்தாவிலும் டீசலிலும் ஓடி வந்திருக்கிறது. கெரவலப்பிட்டியில் 300 மெகாவோட் யுகதனவி 2008இல் வாயுச் சுழலிகளோடு மட்டும் தொடங்கி, 2010இல் முழுமையடைந்தது. இயற்கை வாயு வரும், வந்ததும் மாற்றிக்கொள்வோம் என்ற எதிர்பார்ப்போடு கட்டப்பட்ட அந்நிலையம் ஆண்டுக்கணக்கில் உலை எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் 350 மெகாவோட் சோபாதனவி. 2024 ஆகஸ்டில் அதன் முதற்கட்டத்தை, அதாவது வாயுச் சுழலிப் பகுதியை மட்டும், திறந்துவைத்தார்கள். பிரதான அடுப்பு பற்றவைக்கப்பட்டு, கொடியடுப்புக் காத்திருக்கையில் திறப்புவிழா! அப்படிப்பட்ட நாளில் மேடையிலிருந்து எந்த வினைத்திறனைச் சொல்வது நியாயம்?

இனி அந்தப் பொடி எழுத்துக்களைப் பார்ப்போம்.

15 பாகை என்பது சர்வதேசத் தர நிறுவனம் வாயுச் சுழலிகளுக்கு வகுத்த பொது நிபந்தனை. உலகெங்கும் விற்கும் இயந்திரங்களை ஒரே தட்டில் வைத்து ஒப்பிட ஒரு பொதுக்கோல் வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் கெரவலப்பிட்டியில் காற்று 30 பாகையில் இருக்கும். சூடான காற்று லேசானது. சுழலிக்குள் போகும் காற்றின் எடை குறையும். எடை குறைந்தால் மின்னுற்பத்தி குறையும். 15க்கும் 30க்கும் இடையில் சுமார் பத்து சதவீதம் போய்விடும். கூட்டுச் சுழற்சியின் வினைத்திறன் அந்த அளவுக்கு விழாது, சிறிதே விழும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சரி, அப்படியானால் குளிரான பட்டிப்பொலவில் கொண்டுவந்து நட்டால் என்ன என்று கேட்பீர்கள். இந்த உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உற்பத்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கும். அண்ணன் கேட்ட ஊர் உண்மையிலேயே இந்தத் தீவில் இல்லை.

இது சிறு விஷயம். பெரிய விஷயம் கலோரிப் பெறுமானம். எரிபொருளை எரித்தால் அதிலுள்ள ஐதரசன் நீராவியாகிறது. அந்த நீராவி மீண்டும் தண்ணீராகும்போது வெளியிடும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மேல் கலோரிப் பெறுமானம். சேர்க்காவிட்டால் கீழ் கலோரிப் பெறுமானம். இயற்கை வாயுவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 11 சதவீதம். டீசலில் ஆறு, ஏழு சதவீதம். ஒரே நிலையம், ஒரே நாள், ஒரே தீ. கீழ்ப் பெறுமானத்தால் வகுத்தால் எண் பெருக்கும், மேல் பெறுமானத்தால் வகுத்தால் சிறுக்கும். இயந்திரம் விற்பவர்கள் எப்போதும் கீழ்ப் பெறுமானத்தையே பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் வெப்ப வீத நியமங்களை மேல் பெறுமானத்தின்மேல் வைத்திருக்கிறது. ஆகவே அக்கரை எண்ணையும் இக்கரை எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ‘அவர்களைவிட நாம் மேல்’ என்று எழுதும் நண்பர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பிரான்சின் பூஷான் நிலையம் 2016இல் 62.22 சதவீதம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. அதுவும் கீழ்ப் பெறுமானக் கணக்கு. மேல் பெறுமானத்துக்கு மாற்றினால் 56 சதவீதத்தில் வந்து நிற்கும். இரண்டாண்டுக்குப் பின் ஜப்பானின் நிஷி நகோயா 63.08 சதவீதம் என்று அச்சாதனையை முறியடித்ததாகச் செய்தி வந்தது. பூஷான் எண் நிகர எண்: நிலையம் தன் பம்பிகளுக்கும் விசிறிகளுக்கும் எடுத்துக்கொண்டதைக் கழித்த பின் மிஞ்சியது. நிஷி நகோயா எண் மொத்த எண்: எதையும் கழிக்காதது. உலகச் சாதனைப் பட்டியலிலேயே பானையோடு நிறுத்ததும் பானையில்லாமல் நிறுத்ததும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

மலையகத்து வாசகர்களுக்கு நிறுவைத் தகராறு புதிதல்ல. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்துக்கொண்ட கைகளை அவர்கள் அறிவார்கள். இங்கே நடப்பது அதன் மறுபக்கம். கொழுந்து எடுப்பவளிடம் கழிக்கத் தெரிந்த உலகம், சுழலி விற்பவனிடம் கூட்டிக்கொடுக்கிறது.

மேல், கீழ் என்ற இந்தச் சங்கதி பண்டிதர்களின் வாய்ச்சண்டை அல்ல என்பதற்கு ஒரு கணக்கு. டீசலை லீட்டரில் வாங்குகிறோம். எந்தப் பெறுமானத்தால் வகுத்தாலும் லீட்டர் மாறாது. இயற்கை வாயு அப்படியல்ல. அது சக்தி அலகில், மில்லியன் பி.ரி.யு. கணக்கில் விற்கப்படுகிறது, அந்த விலை மேல் பெறுமானத்தின் மீது. விற்பனையாளர் தந்த 50 சதவீதம் என்ற கீழ்ப் பெறுமான எண்ணை எடுத்து, வாயுவின் விலை அலகுக்கு 10 டொலர் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு யூனிற் மின்சாரத்துக்கு எரிபொருட் செலவு 6.8 சதம் என்று வரும். சரியாகக் கணக்கிட்டால் 7.6 சதம். முக்கால் சதம்தானே என்கிறீர்களா? 300 மெகாவோட் நிலையம் முழுநாள் ஓடினால் 72 இலட்சம் யூனிற். நாளொன்றுக்கு ஏறக்குறைய 53,000 டொலர் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும். இறக்குமதியைத் தீர்மானிக்கும் மேசையில் அந்த 53,000 டொலர் ‘சேமிப்பு’ என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும்.

2021 செப்டெம்பரில் அமெரிக்க நிறுவனமான நியூ போர்ட்ரஸ் எனர்ஜியோடு கையெழுத்தான கெரவலப்பிட்டி ஒப்பந்தம் பற்றி நாடே பேசியது. திறைசேரியின் 40 சதவீதப் பங்கு, 250 மில்லியன் டொலர், கையெழுத்திட்ட நேரம் நள்ளிரவா இல்லையா என்றெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதவேண்டியவைதான். ஆனால் ‘வாயு மலிவு’ என்ற அடிப்படை வாதம் எந்தக் கலோரிப் பெறுமானத்தில் போடப்பட்டது என்று கேட்ட ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. வாயு இன்னும் வரவில்லை, இறங்குதுறையும் இல்லை. ஆகவே கேள்விக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

அடுத்தது, அளக்கும் நாள். புதிய நிலையத்தை ஒப்படைக்கும்போது செயற்பாட்டுச் சோதனை நடக்கும். அதற்கென்று விதிநூல்கள் உள்ளன: அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் பி.டி.சி. 46, சர்வதேசத் தரம் 18888. நல்ல நூல்கள், கறாரானவை. சோதனைக்கு முன் காற்றமுக்கியைக் கழுவலாம். இயந்திரத்தை முழுச் சுமையில் நிலைநிறுத்தி, சில மணிநேரம் ஆடாமல் அசையாமல் ஓட்டுவார்கள். எரிபொருள் மானியின் வாசிப்பு, ஆய்வுகூடத்தில் அளந்த கலோரிப் பெறுமானம், மின்மானியின் வாசிப்பு மூன்றையும் எடுத்து, அன்றைய வெப்பநிலைக்கும் ஈரத்துக்கும் திருத்த வளையிகளைப் போட்டு, ஒப்பந்தத்தில் எழுதிய நிபந்தனைக்குக் கொண்டுவருவார்கள். எரிபொருள் மானியில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை என்றால் விடையிலும் அதே அளவு பிழை. இவ்வளவும் முடிந்து வரும் எண் பெண்பார்க்கும் நாளில் எடுத்த புகைப்படம் போன்றது. பொய் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து குடும்பம் நடத்தவேண்டும்.

குடும்பம் எப்படி நடக்கிறது? கடற்கரைக் காற்றில் உப்பு, காற்றமுக்கியில் அழுக்கு. சில தேய்மானம் கழுவினால் போகும், சில போகாது. இரவு ஏழு மணிக்கு நாடு விளக்கேற்றும்போது முழுச் சுமை. நள்ளிரவில் பாதிச் சுமை. சுழலி ஒன்றை நிறுத்தி மற்றதை முழுதாக ஓட்டினால் வினைத்திறன் அதிகம் விழாது. அதற்கு வழியில்லாமல் இரண்டையும் பாதியில் ஓட்டினால் எண் பல புள்ளிகள் சரியும். குளிர்ந்து கிடக்கும் நிலையத்தை மறுபடி எழுப்பினால், நீராவிப் பகுதி சூடேறி ஒத்துழைக்கும்வரை எரியும் எண்ணெயெல்லாம் ஒற்றையடுப்புச் சமையல்தான். சோதனைநாள் எண்ணில் இவை எதுவும் இல்லை. இனி இது கூடவே செய்யும். பகலில் கூரைச் சூரிய மின்சாரம் பெருகியிருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் இருளடைந்தபின் அதைச் சமாளிப்பது எப்படி என்று எல்லோரும் பேசுகிறார்கள். அம்பேவெலவில் காற்றாலைகள் சுற்றுவதைப் பட்டிப்பொலப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். வெயிலும் காற்றும் கூடக்கூட அனல் நிலையங்கள் அடிக்கடி நின்று, அடிக்கடி கிளம்பி, அரைச் சுமையில் மூச்சிரைக்கும். கையேட்டு எண்ணுக்கும் நடப்பு எண்ணுக்கும் இடைவெளி விரியும்.

நான்கு புள்ளி இடைவெளி எவ்வளவு என்று அண்ணனின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேரனோடு கணக்குப் போட்டோம். வினைத்திறன் 48 சதவீதம் என்றால் ஒரு யூனிற்றுக்கு டீசல் 0.208 லீட்டர். 44 சதவீதம் என்றால் 0.227 லீட்டர். 72 இலட்சம் யூனிற்றால் பெருக்கினால், ஒரு நாளைக்கு 1,36,000 லீட்டர் வித்தியாசம். 33,000 லீட்டர் கொள்ளும் பவுசர் நான்கு, தினந்தோறும் வாசலுக்கு வந்து ஆவியாகிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். லீட்டர் 300 ரூபா என்று வைத்தால் நான்கு கோடி ரூபாவுக்கு மேல். இது உதாரணக் கணக்கு. எந்த நிலையத்தின் மீதும் நான் குற்றம் சுமத்தவில்லை. குற்றம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கோலைத்தான் கேட்கிறேன்.

அண்ணன் தன் தொழிலிலிருந்து ஒரு நியாயம் சொன்னார். தேயிலைத் தொழிற்சாலையிலும் வினைத்திறன் உண்டு. அவர்கள் அதை ‘அவுட்டர்ன்’ என்பார்கள். நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள். வாசலில் கொழுந்தை நிறுத்து எழுதுவார்கள். மறுபக்கம் பெட்டியில் அடைத்த தூளை நிறுத்து எழுதுவார்கள். மாதமுடிவில் ஒன்றை மற்றதால் வகுப்பார்கள். மழைநாள் கொழுந்தும் அதில் உண்டு, இயந்திரம் பழுதான நாளும் உண்டு, தரைக்குப் போன கழிவும் உண்டு. குறைந்தால் துரை கூப்பிட்டுக் கேட்பார். “ஐயா, வெயில்காலத்துக் கொழுந்துக்குத் திருத்திப் பார்த்தால் எங்கள் கணக்குச் சரி என்று நான் ஒருநாள் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்” என்றார்.

பொறியியலாளர் நண்பர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதை மறைப்பது நேர்மையல்ல. வெயிலுக்கும் ஈரத்துக்கும் திருத்தாவிட்டால், விற்றவன் மீது வானிலையின் குற்றத்தைச் சுமத்துவதாகும் என்பார்கள். உண்மை. புகைபோக்கியில் போகும் நீராவியை எவராலும் பிடிக்க முடியாதபோது மேல் பெறுமானத்தால் வகுப்பது அநியாயம் என்பார்கள். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவர்கள் பதில் சொல்லும் கேள்வி ‘இயந்திரம் ஒப்பந்தப்படி இருக்கிறதா?’ என்பது. என் கேள்வி ‘எண்ணெய் எங்கே போயிற்று?’ என்பது. முதற்கேள்வியின் விடையை எடுத்து இரண்டாம் கேள்விக்குப் பதிலாக நீட்டும்போதுதான் மோசடி பிறக்கிறது. மின் கொள்வனவு ஒப்பந்தங்களில் பொதுவாக எரிபொருட் செலவு வாங்குபவர் தலையில் விழும். உத்தரவாத வெப்ப வீதத்தை மீறினால் மட்டும் உரிமையாளர் தாங்குவார். அந்த உத்தரவாதத்துக்கே சுமைக்கும் வெப்பநிலைக்குமான திருத்தங்கள் உண்டு. எஞ்சியதெல்லாம் கட்டணப் பட்டியலில் ஏறி வீடுகளுக்கு வரும்.

எந்த வீடுகளுக்கு? இந்த மலைகளின் தண்ணீரில்தான் நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பங்கு பிறந்தது. டி.ஜே. விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் தோட்டங்களை மூழ்கடித்தே நீர்த்தேக்கங்களாயின. 2012இல் மேல் கொத்மலை 150 மெகாவோட் தரத் தொடங்கியபோது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் இடம்பெயர்ந்திருந்தன. வானம் பொய்த்து நீர்த்தேக்கம் வற்றும்போது கெரவலப்பிட்டியின் எண்ணெய்க்கணக்கு இந்த லயன் வீடுகளுக்கும் வருகிறது. மாதம் 30 யூனிற் பாவிக்கும் வீடு, 2022 ஆகஸ்டுக்கு முன் வரி நீங்கலாக 105 ரூபா கட்டியது. அந்த ஆகஸ்டில் அது 360 ஆயிற்று. 2023 பெப்ரவரியில் 1,300. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதே ஆண்டு ஜூலையில் 450க்கு இறக்கினார்கள். இந்த ஏற்றத்துக்கு ரூபாவின் வீழ்ச்சி, கடன், ஆண்டுக்கணக்காகச் செலவுக்குக் கீழே விற்றது என்று பல காரணங்கள் உண்டு. வினைத்திறன் அவற்றுள் ஒன்று. எவ்வளவு பெரிய ஒன்று என்பதைத்தான் அளவுகோல் தெளிவாக இல்லாமல் சொல்ல முடியவில்லை.

2024ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. உற்பத்தி ஒருவர், கடத்தல் இன்னொருவர், விநியோகம் மற்றொருவர் என்றாகும்போது ஒருவர் மற்றவரிடம் எண்ணைச் சுட்டிக்காட்டித் தப்புவது இன்னும் இலகு. ஆகவே கேட்கவேண்டியதை இப்போதே கேட்கவேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டண மாற்றங்களுக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கோருகிறது, வாய்மொழியாகவும் கேட்கிறது. ஒவ்வொரு கூட்டுச் சுழற்சி நிலையத்துக்கும் மாதந்தோறும்: உள்ளே வந்த எரிபொருள் எவ்வளவு, அதன் மேல் கலோரிப் பெறுமானம் எவ்வளவு, மின்வலையமைப்பின் வாசலில் ஒப்படைத்த யூனிற் எவ்வளவு, வாயுச் சுழலி தனித்து ஓடிய மணிநேரம் எவ்வளவு. திருத்தம் போடாத எண்கள். மூன்று மொழியிலும், கட்டணப் பிரேரணையின் முதற்பக்கத்தில். இதற்குப் புதிய மானி எதுவும் வாங்கவேண்டியதில்லை. விலைப்பட்டியல் தயாரிக்க இந்த வாசிப்புகள் ஏற்கெனவே எடுக்கப்படுகின்றன.

அடுத்த கருத்துக்கோரலுக்கு அனுப்ப அண்ணனும் பேரனும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் ஒன்றரைப் பக்கம். நான் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். முதல் வரியில் அந்த ஊர் பற்றிய கேள்வியை அண்ணன் அப்படியே எழுதியிருந்தார். அதை எடுத்துவிடலாமே என்று பேரன் தயங்கினான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.